பாட்டைக் கொடுத்தவர் பெயரையும் போடுங்கள்: இளம் இசைக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களை உங்கள் பாணியில் பாடி யூடியூபில் ஏற்றுகிறீர்கள். தேடித் தேடிக் கேட்கிறவன் நான். பாட்டை மாற்றாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வாய்க்கு வாய் மாறி வந்ததால்தான் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. என் குறையெல்லாம் வீடியோவுக்குக் கீழே நீங்கள் எழுதும் அந்த ஒரு வரி. 'பழைய நாட்டுப்புறப் பாடல்' என்று மட்டும் இருக்கும். இல்லையென்றால் அதைக் கடைசியாகப் பாடிப் புகழ்பெற்ற குழுவின் பெயர் இருக்கும். நடுவில் இருந்தவர்களைக் காணோம்.

'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் 1964இல் அனிமல்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழு வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டுத்தான் கற்றிருப்பீர்கள். அதற்கு முன்பே, 1937இல் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் மிடில்ஸ்பரோவில், ஜார்ஜியா டர்னர் என்ற பதினாறு வயதுப் பெண் அதைப் பாட, நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு செய்தார். ஜார்ஜியா பாடியது சீரழிந்துபோன ஒரு பெண்ணின் புலம்பல். அனிமல்ஸ் பாடியது ஓர் ஆணின் கதை. மாற்றியதில் தப்பில்லை, எனக்கும் அந்த ஆர்கன் வாசிப்பு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஜார்ஜியாவின் பெயரையும் போட்டால் என்ன?

'ஃபிரெய்ட் ட்ரெய்ன்' பாட்டின் கதைதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. வட கரோலினாவில் பிறந்த எலிசபெத் காட்டன் சிறுமியாக இருந்தபோதே அதை இயற்றிவிட்டார். இடதுகைக்காரர். தந்திகளை மாற்றிக் கட்டாமல் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்தார். அதனால் எல்லாரும் கட்டைவிரலில் மீட்டும் கீழ்ச்சுரங்களை அவர் மற்ற விரல்களால் மீட்டினார். மெட்டைக் கட்டைவிரலால் வாசித்தார். கல்யாணம், தேவாலயம் என்று வாழ்க்கை போனதில் கிட்டார் பல வருடம் விட்டுப்போனது. பிறகு வாஷிங்டனில் ஒரு கடையில், வழிதவறி நின்ற சிறுமி பெக்கி சீகரைத் தாயிடம் சேர்த்தார். அந்தப் பழக்கத்தில் இசைக் குடும்பமான சீகர் குடும்பத்தில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து வாசித்தபோதுதான் அந்த வீட்டாருக்கே அவர் யாரென்று தெரிந்தது.

பெக்கி இங்கிலாந்து போனபோது பாட்டும் கூடவே போனது. 1957இல் சாஸ் மெக்டெவிட் குழு பாடி அங்கே பெரிய வெற்றி பெற்றது. ஆனால் உரிமை வேறு இருவர் பெயரில் பதிவாகியிருந்தது! பாட்டை இயற்றியவர் அப்போதும் உயிரோடுதான் இருந்தார். சீகர் குடும்பத்தார் துணை நின்று முயன்ற பிறகுதான் பாட்டில் அவர் பெயர் ஏறியது. பெக்கியின் அண்ணன் மைக் சீகர் பதிவு செய்த அவருடைய முதல் ஆல்பம் 1958இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தது. கிராமி விருது கிடைத்தபோது அந்த அம்மாவுக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது.

அமெரிக்க கிராமிய இசையில் புகழ்பெற்ற கார்ட்டர் குடும்பத்தின் பாடல்களைப் பாடுகிறவர்கள் லெஸ்லி ரிடிலையும் நினைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்த கறுப்பினக் கலைஞர். அந்தக் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டரோடு மலைக்கிராமங்களில் பாட்டு சேகரிக்கப் போனவர். வார்த்தைகளை கார்ட்டர் எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனதில் ஏற்றிக்கொள்வார். இசைத்தட்டில் வந்தது கார்ட்டர் பெயர் மட்டும்தான்.

பாட்டை முதலில் பாடியவர் யாரென்றே தெரியாதபோது யார் பெயரைப் போடுவது என்று கேட்பீர்கள். சரி, நியாயமான கேள்விதான். 1993இல் நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் எம்டிவி மேடையில் ஒரு பழைய பாட்டைப் பாடும் முன், பழைய நாட்டுப்புறப் பாடகர் லெட் பெல்லியின் பெயரைச் சொன்னார். அந்தப் பாட்டு லெட் பெல்லிக்கும் முந்தியது. இருந்தாலும், தனக்கு யார் வழியாக வந்ததோ அவரைச் சொன்னார். நானும் அவ்வளவுதான் கேட்கிறேன். யாருடைய பதிவைக் கேட்டுக் கற்றீர்கள், அவருக்கு முன்னால் பாடியவர்களில் யாரைத் தெரியும் என்று இரண்டு வரி எழுதுங்கள். மேடையில் என்றால் பாடும் முன் வாயாலேயே சொல்லிவிடலாம்.

ஏற்கெனவே ஏற்றிவிட்ட வீடியோக்களிலும் டிஸ்கிரிப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். 'ஃபிரெய்ட் ட்ரெய்ன்' பாடியிருப்பவர்கள் முதலில் செய்யுங்கள். அங்கே யார் பெயரைப் போடுவது என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை.

அன்புடன்,
உங்கள் பாட்டுகளைக் கேட்கும் ஒருவன்