பதினோரு சிடிகளும் ஒரு தாளும்

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோவின் பழைய கோப்புகள் தொலைந்துபோனது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நேற்று இரவு கடைசி ஃபோல்டரும் திறந்துவிட்டது. எங்கள் ஸ்டுடியோ இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்த வேலையில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிட்டது. தூங்கி எழுந்து நிதானமாக எழுதலாம் என்றுதான் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

உதவியவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

2004-இல் அவர் எங்களிடம் பயிற்சிக்கு வந்தார். நான்கே மாதம் இருந்தார். அப்போது சிறுவர்களுக்கான கதை சிடி ஒன்றில் மூழ்கிக் கிடந்தோம். மௌஸால் தொட்டால் பாட்டி திரும்பிப் பார்ப்பாள், பூனை கட்டிலுக்கடியில் ஓடும். முக்கியமான நிலைகளை மூத்தவர்கள் வரைந்துவிடுவார்கள். இடையில் வரும் இன்பிட்வீன் படங்கள் அவர் பொறுப்பு. நொடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேம் நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம் வேண்டும். பாட்டி தலையைத் திருப்புவதற்கு மட்டும் ஒன்பது படம் வரைந்தார்.

கிளம்பும்போது, "அண்ணா, நான் வரைஞ்சதை ஒரு காப்பி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். சரி எடுத்துக்கோ என்றேன். தன் படங்கள் எந்த சிடியில் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் அலமாரியில் இருந்த பதினொன்றையும் நகலெடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. அவரையே மறந்துவிட்டேன்.

போன மாதம் அவரே கூப்பிட்டார். "கேள்விப்பட்டேன் அண்ணா. அந்த சிடி எல்லாம் எங்கிட்ட இருக்கு." என்னால் சட்டென்று பதில் பேச முடியவில்லை.

அவர் இப்போது அனிமேஷன் துறையிலேயே இல்லை. ஆனாலும் சிடிகளை அப்படியே தூக்கி அனுப்பிவிடவில்லை. வீட்டில் எழுதிய சிடியில் தகவலைத் தாங்கும் சாயம் காலப்போக்கில் மங்கும். டிரைவ் சுற்றிக்கொண்டே இருக்கும், படிக்காது. ஒரு டிரைவ் தடுமாறும் இடத்தை இன்னொன்று சில சமயம் படித்துவிடும் என்று யாரோ சொல்ல, மூன்று பழைய டிரைவ்களைத் தேடிப் பிடித்தார். எது வந்தது, எது பாக்கி என்று குறித்து வைத்துக்கொள்ளும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைப் போட்டு, வேலை முடிந்து வந்து பதினேழு இரவு உட்கார்ந்திருக்கிறார். 700 எம்பி சிடி ஒன்றுக்கு மட்டும் நான்கு இரவு.

ஹார்டு டிஸ்க்கோடு ஒரு தாளும் வைத்திருந்தார். எந்த சிடியில் என்ன இருக்கிறது, எதை டைரக்டர் என்ற மென்பொருளில் திறக்க வேண்டும், எதை ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளின் 5-ஆம் பதிப்பில், எதை அதன் எம்எக்ஸ் 2004 பதிப்பில் என்று கையால் எழுதிய வரிசை. கீழே, "புது வெர்ஷனில் திறந்து அதன் மேலேயே சேமிக்க வேண்டாம், பழையதில் மறுபடி திறக்காது" என்று அடிக்கோடிட்டிருந்தார். அந்த ஒரு வரி எங்களைப் பெரிய தவறிலிருந்து காப்பாற்றியது. அவசரத்தில் அதைத்தான் செய்யவிருந்தோம்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மக்கள் பார்த்தது எஸ்டபிள்யூஎஃப் கோப்பு. நாங்கள் வரைந்தது எஃப்எல்ஏ கோப்பு. முதலாவதிலிருந்து படங்களையும் ஓரளவு நிரலையும் பிரித்தெடுக்கலாம். ஆனால் லேயர் எனும் பட அடுக்குகளின் பெயர், நிரலில் எழுதிய குறிப்புகள், நமக்காகப் போட்ட வழிகாட்டிக் கோடுகள் எதுவும் வராது. சமைத்த சாப்பாடு கிடைத்தும் கைப்பக்குவம் தொலைந்த மாதிரி.

பாட்டி காட்சியைத் திறந்தபோது ஒரு லேயரின் பெயர் கண்ணில் பட்டது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தார்: 'கழுத்து சரியா பாருங்கண்ணா'. 2004-இல் என்னிடம் கேட்டது. நான் பார்க்கவே இல்லை. ஒன்பது படங்களையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். கழுத்துச் சுருக்கம் தலையை விட ஒரு படம் தாமதமாகத் திரும்புகிறது. வயதான உடம்பு அப்படித்தான் திரும்பும். அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சரியாக இருக்கிறது தம்பி. ரொம்பச் சரியாக இருக்கிறது.

அப்புறம் அந்த சிடியின் பெயர்ப்பட்டியலைத் திறந்தேன். பதினான்கு பெயர்கள். அவர் பெயர் இல்லை. பயிற்சிக்கு வந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று அப்போது ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அது தவறு. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இங்கே பெயர் வேண்டாம் என்கிறார், பட்டியலில் சேர்க்க மட்டும் சம்மதித்தார். இனி எங்களிடம் ஒரு நாள் வரைந்தவர் பெயரும் விடுபடாது.

மற்றவர்களுக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். பழைய கணினியை ஒரு மாதம் இரவல் தந்த, எங்களோடு டெண்டர்களில் போட்டியிடும் ஸ்டுடியோ நண்பர்களுக்கு. 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்புக்குப் பிறகு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 என்ற நிரல் மொழியை ஃபிளாஷ் கைவிட்டதால், அந்தப் பழைய கணினி இல்லாமல் பாதி விளையாட்டுகளைத் திருத்தக்கூட முடிந்திருக்காது. ஒலிப்பதிவுகளைப் பத்திரமாக வைத்திருந்த குரல் கலைஞர்களுக்கு. அருங்காட்சியகத் தொடுதிரைக்காகச் செய்ததைத் தேடி அனுப்பிய வாடிக்கையாளருக்கு. சின்ன வயதில் விளையாடிய ஞாபகத்தில் ஸ்கிரீன்ஷாட்களை எடுத்து அனுப்பிய உங்களுக்கு.

பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவியில் ஓட்டிக்காட்டும் ரஃபிள் எமுலேட்டரை எழுதும் தன்னார்வலர்கள் எங்களை அறியமாட்டார்கள். ஆனாலும் சொல்கிறேன். அதுவரை அந்தக் கோப்புகளை உலாவியில் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயருக்கு 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே எதையும் ஓட்ட மறுத்தது. அன்று காலை எங்கள் தளத்தைத் திறந்து வெற்றுக் கட்டங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். இன்று அதே விளையாட்டுகள் உலாவியில் மறுபடி ஓடுகின்றன என்றால் அது அவர்கள் உழைப்பு.

ஒவ்வொரு கோப்பையும் இனி மூன்று இடத்தில் வைக்கப்போகிறோம், ஆண்டுக்கு ஒருமுறை திறந்தும் பார்ப்போம். அந்தத் தாளைச் சட்டம் போட்டு, வரைபவர்கள் உட்காரும் அறையில் மாட்டியிருக்கிறேன்.

பழைய பெயர்ப்பட்டியல்கள் எல்லாவற்றையும் இந்த வாரம் திருத்துகிறோம். எங்களோடு எப்போதாவது வேலை பார்த்தவர்கள், எந்த ஆண்டு, எந்தக் காட்சி என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஞாபகம் சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கோப்புகள் இப்போது எங்களிடம் இருக்கின்றன, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.