ஜீன்ஸ் துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போ

திருநகர்,
மதுரை.

அன்புள்ள தோழிக்கு,

அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள் உன் கடிதம் வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள். எல்லாரும் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அவரை அடுப்புப் பக்கம் விடாதே.

சரி, தையல் மிஷின் விஷயம். வீட்டுக்கு ஜாக்கெட், நைட்டி, தலையணை உறை. அப்புறம் விற்பதற்கு ஜீன்ஸ் பை, சணல் பை. எல்லாவற்றுக்கும் ஒரே மிஷின் போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதும். ஆனால் மேஜைமேல் தூக்கி வைக்கிற சின்ன ஜிக்ஜாக் மிஷின், அதாவது வளைந்து வளைந்தும் தைக்கிற மிஷின், வேண்டாம். காலால் மிதிக்கும் ஸ்டாண்டோடு வரும் கறுப்பு இரும்பு மிஷினை வாங்கு.

நான் பட்டதைச் சொல்கிறேன். முதலில் அந்தச் சின்ன மிஷினைத்தான் வாங்கினேன். இருபதுக்கு மேல் தையல் டிசைன் இருந்தது. சுங்குடித் துணியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மகனின் பழைய ஜீன்ஸில் பை தைத்து, கைப்பிடி வைக்கும் இடம் வந்ததும் நின்றது. அந்த இடத்தில் துணி ஆறு மடிப்பு. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டது, தையல் விட்டுவிட்டு விழுந்தது, ஊசி வளைந்து முறிந்து ஒரு துண்டு கன்னத்தில் பட்டது. விடாமல் நான்கைந்து பை தைத்தேன். ஒருநாள் உள்ளே ‘டக்’ என்று சத்தம். ரிப்பேர்காரர் திறந்து காட்டினார்: பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் இரண்டு பல் போயிருந்தது. ஆர்டர் கொடுத்தவர்களிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

புதுமண்டபம் நினைவிருக்கிறதா? என் தம்பி அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவதாக வேண்டிக்கொண்ட வருஷம், நீயும் நானும் அம்மாவோடு போய் அங்கே உடுப்பு தைக்கக் கொடுத்தோமே. தூண்களுக்கு நடுவே வரிசையாக டெய்லர்கள், எல்லாம் கால் மிஷின். வெல்வெட், அதன்கீழ் லைனிங், விளிம்பில் ஜரிகை, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஓட்டில் தைத்துத் தந்தார்கள். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. இந்தச் சித்திரைக்குப் பேரனுக்கு உடுப்பு எடுக்கப் போனபோது வெகுநேரம் நின்று பார்த்தேன். கனமான இடம் வந்தால் டெய்லர் காலை மெதுவாக்குகிறார், வலதுகையைச் சக்கரத்தில் வைத்து ஒவ்வொரு தையலாக இறக்குகிறார். மிஷின் திணறவே இல்லை.

காரணம் கீழே இருக்கும் பெரிய இரும்புச் சக்கரம். மெதுவாகச் சுற்றினாலும் அதன் கனம் ஊசியைத் துணிக்குள் இறக்கிவிடும். சின்ன மோட்டாருக்கு வேகம் இருந்தால்தான் பலம். கனத்த துணியில் நாம் மெதுவாகப் போக நினைக்கும் இடத்தில்தான் அது முனகி நிற்கும். மோட்டார் வேண்டுமென்றால் பிறகு பின்னால் பொருத்திக்கொள்ளலாம். ஸ்டாண்டை மட்டும் விட்டுவிடாதே.

கறுப்பு மிஷினிலும் ரகம் உண்டு. சாதாரண வீட்டு மாடலில் அடிநூல் இருக்கும் பாபினைச் சுற்றும் கொக்கி அரைவட்டம் போய்த் திரும்பும். ஃபுல் ஷட்டில் என்ற மாடலில் முழுவட்டம் சுற்றும். வேகம் அதிகம், சத்தம் குறைவு. வாரத்துக்குப் பத்துப் பை என்றால் முதலாவது போதும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை ஆர்டர் பிடிக்கப் போகிறாய் என்றால் ஃபுல் ஷட்டில் எடு. பவர் மிஷின் நிமிடத்துக்கு 5000 தையல்வரை ஓடும், அது கம்பெனிக்காரர்களுக்கு. இரண்டில் எதை எடுத்தாலும் எந்த ஊசி போடுவது என்று கேட்டு ஒரு பாக்கெட் வாங்கிக்கொள். ரகத்துக்கு ரகம் ஊசி மாறும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இதில் நேர்த்தையல் மட்டும்தான். பனியன் துணியைத் தைத்தால் இழுக்கும்போது நூல் அறும். துணியோரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக்குக்குக் கடைக்குத்தான் போக வேண்டும், பட்டன் துளைக்குக் காஜா கையால்தான். பேத்திக்கு டீ-ஷர்ட் தைப்பதுதான் முக்கியம் என்றால் நான் சொன்னதை மறந்துவிட்டு ஜிக்ஜாக்கே வாங்கு.

கடைக்குப் போகும்போது உன் துணியைக் கொண்டு போ. அவர்கள் வைத்திருக்கும் கஞ்சி போட்ட காடாத் துணியில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும். ஜீன்ஸின் கால்மடிப்பு ஒன்று, சணல் துண்டு ஒன்று, மெல்லிய சுங்குடி ஒன்று. ஜீன்ஸின் பக்கத்தையல் மேட்டுக்குக் குறுக்கே தைக்கச் சொல். பிறகு டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, மாற்றிச் சுங்குடியில் ஓட்டச் சொல். துணி சுருங்குகிறதா என்று பார். இரண்டையும் தைத்துக் காட்டாத மிஷினுக்குப் பணம் கொடுக்காதே.

வாங்கியபின் சுங்குடிக்கு 14-ஆம் நம்பர் ஊசி, ஜீன்ஸுக்கு 16, கனத்த சணலுக்கு 18. மேடு வரும் இடத்தில் பாதத்தின் பின்பக்கத்துக்கு அடியில் அதே உயரத்துக்கு ஒரு துணி மடிப்பையோ அட்டையையோ சொருகு. பாதம் சமமாக உட்கார்ந்துவிடும், தையல் விடாது. இது முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ ஊசி மிஞ்சியிருக்கும். அடியில் நூல் கூடு கட்டினால் உடனே பாபினைக் குறை சொல்லாதே, பெரும்பாலும் மேல்நூல்தான் சரியாகக் கோத்திருக்காது. பாதத்தைத் தூக்கி வைத்து முதலிலிருந்து கோத்துப் பார். அப்புறம், மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதே. உறைந்து பிசினாகிவிடும். மிஷின் எண்ணெய்தான்.

வைகாசியில் சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் வாங்கிவிட நினைக்கிறாய் போல. எந்த நாள் என்று எழுது, நானும் கூட வருகிறேன். என்னிடம் கனத்த ஜீன்ஸ் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். நீ வரும்போது சோழவந்தான் வெற்றிலை ஒரு கவுளி கொண்டு வா, அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி