கடன் பேச்சுவார்த்தைக்கு ஒரு கெடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டுச் செய்தி என்றாலே போரும் உச்சி மாநாடும்தான் பெரிதாக வருகின்றன. ஜாம்பியா கடனில் சிக்கி மூன்றரை வருடத்துக்கு மேல் இழுபட்ட கதையையும் நம் பத்திரிகைகள் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் இந்தியாவுக்கும் வேலை இருக்கிறது.

செம்பு உற்பத்தியில் ஆப்பிரிக்காவில் காங்கோவுக்கு அடுத்த நாடு ஜாம்பியா. 2012க்கும் 2015க்கும் இடையில் மூன்று தடவையாக 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றார்கள், கடைசிப் பத்திரத்துக்கு வட்டி கிட்டத்தட்ட 9 சதவீதம். சாலை, விமான நிலையம், மின் திட்டம் என்று சீன வங்கிகளிடமும் நிறைய வாங்கினார்கள். அப்புறம் கொரோனா வந்தது, 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் போனது. அளவுக்கு மீறி வாங்கியது அந்த அரசின் தவறுதான், அதில் சந்தேகமே இல்லை. 2021 தேர்தலில் மக்கள் அந்த ஆட்சியை வீட்டுக்கு அனுப்பியும் விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏழை நாடுகளின் கடனைச் சீரமைக்க ஜி-20 நாடுகள் ஒரு பொது ஏற்பாட்டை அறிவித்ததும் அதே 2020 நவம்பரில்தான், ஜாம்பியாவும் 2021 தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிட்டது. ஆனால் கடன் கொடுத்த அரசுகள் 630 கோடி டாலர் கடன் விஷயத்தில் ஒப்புக்கொண்டது 2023 ஜூனில். பத்திரம் வாங்கியவர்களோடு தனியாகப் பேசி முடித்தால், அவர்கள் விட்டுக்கொடுத்தது போதாது என்று அரசுகள் தடுத்துவிட்டன. மறுபடி பேசி, 2024 ஜூனில்தான் அது முடிந்தது. யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எல் நினோ வறட்சி வந்து, பயிரிட்ட சுமார் 22 லட்சம் ஹெக்டேர் மக்காச்சோளத்தில் 10 லட்சம் ஹெக்டேர் அழிந்தது, கரிபா அணையில் நீர் இறங்கியது, மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நீரை நம்பியிருக்கும் நாடு நாளின் பெரும்பகுதியை இருட்டில் கழித்தது. வறட்சியைக் கடன் கொண்டுவரவில்லை, சரி. ஆனால் அதைச் சமாளிக்கக் கையில் காசு இல்லாமல் போனதற்கு இந்த இழுத்தடிப்பும் காரணம்.

2023ல் ஜி-20 தலைமை நம்மிடம் இருந்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தை உறுப்பினராகச் சேர்த்தது டெல்லியில்தான், அது நல்ல காரியம். இலங்கைக்குக் கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு ஜப்பான், பிரான்ஸோடு சேர்ந்து இணைத் தலைமை வகித்ததும் நாம்தான். கடன் கொடுத்தவராகவும் வளரும் நாடுகளின் குரலாகவும் ஒரே நேரத்தில் உட்காரும் நாடு, பேச்சுவார்த்தைக்கு ஒரு வருடம் என்று கெடு வைக்கச் சொல்லி, அதுவரை எல்லாத் தவணைகளையும் நிறுத்தி வைக்கச் சொல்லி அழுத்தம் கொடுக்கலாமே? புயல், வறட்சி வந்தால் தவணையைத் தள்ளிப்போடும் விதியைக் கடன் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளவும் முடியும். கரீபியன் தீவு நாடான கிரெனடா அப்படி எழுதி வைத்திருந்ததால்தான் 2024ல் பெரில் புயலுக்குப் பிறகு தவணையை ஒத்திவைக்க முடிந்தது.

இந்தியா வெளிநாடுகளுக்குக் கொடுக்கும் கடன்களில் இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று நம் எம்பிக்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். பதில் வந்தால் அதை முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், திருச்சி