பழைய ரிவால்வரைப் பெரியவர்கள் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகள் சிலவற்றில், நிலப் பத்திரங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியிலேயே பழைய .32 ரிவால்வர் (.32 என்பது அங்குலத்தில் சொல்லப்படும் குழல் அளவு) ஒன்றும் இருக்கிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் கவுந்தப்பாடி வெல்லச் சந்தையிலும் கைக்கு வந்த ரொக்கத்தை இரவோடு இரவாக ஊருக்குக் கொண்டுவந்த காலத்தில், முறைப்படி உரிமம் பெற்று வாங்கியவை அவை. பெரியவர் காலமானதும் பிள்ளைகள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கிறார்கள். சட்டப்படி ஒப்படைக்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு தம் பெயரில் உரிமம் பெற்று மீட்கவோ, உரிமம் உள்ள வேறொருவருக்கு விற்கவோ முனையாமல் கெடுவைக் கடத்திவிடுகிறவர்களின் ஆயுதம் அரசுடைமையாகிவிடுகிறது. இது மனத்தை வருத்துகிறது, தவிர்க்கக்கூடியதும் ஆகும்.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் 70 வயதை எட்டிவிட்டாலோ, அந்த ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தாம் உயிரோடிருக்கும்போதே சட்டப்பூர்வ வாரிசு ஒருவரை நியமிக்கலாம். அந்த வாரிசு பாதுகாப்புப் பயிற்சி பெற்று, காவல் துறை விசாரணைக்கு உட்பட்டு, மாவட்ட ஆட்சியரிடம், கோவை மாநகரம் என்றால் காவல் ஆணையரிடம், உரிமம் பெற வேண்டும். என் தந்தையார் எழுபதைக் கடந்தபின் இவ்வழியில்தான் எங்கள் அப்பாரு (தாத்தா) வாங்கிய, வெப்லி என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் ரிவால்வரை என் பெயருக்கு மாற்றினார். காகிதத்தோடு அதைக் கையாளும் முறையையும் அவர் எனக்குக் கொடுத்தார் என்பதே இதில் பெரிது.

பர்மிங்ஹாமில் செய்யப்பட்ட அந்த ரிவால்வரில், பின்புறம் சுத்தியல் போலத் தோட்டாவை அடிக்கும் உறுப்பான குதிரைக்கு அருகிலுள்ள தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழல் முன்னால் மடியும். மடியும்போதே, தோட்டாக்களுக்கான ஆறு அறைகள் கொண்ட சுழல் உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு எழும்பி, ஆறு தோட்டாக்களையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். அதன் அழகு முழுவதும் தெரிவது விசையை இழுக்கும்போதுதான். குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டும் சுடலாம். அப்போது விசை குறுகிய தொலைவில் இலேசாக விடுபடும். அப்படிச் செய்யாமல் விசையை மட்டும் இழுத்தால், குதிரை மெல்லப் பின்னுக்குச் சாய, உருளை ஆறில் ஒரு பங்கு திரும்பி, அடுத்த அறை குழலுக்கு நேரே வந்து நின்ற பிறகே குதிரை முன்னே பாயும். இந்த நீண்ட, கனமான இழுப்பில் குறி அசையாமலிருக்க, ஆழக் கிணற்றில் நீர் சேந்துகிறவர் கயிற்றை இழுப்பதைப் போல ஒரே சீராக இழுக்க வேண்டும் என்பார் தந்தையார். ரைபிள் கிளப்பின் சுடுதளத்தில் நிதானமாகப் பழகி, ஆறு குண்டுகளும் அட்டையில் நெருங்கி விழும் நாளில் உண்டாகும் நிறைவு வேறு எந்தப் பொழுதுபோக்கிலும் எனக்குக் கிடைத்ததில்லை. லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் 1851இல் செய்த ரிவால்வர் விசை இழுப்பால் மட்டுமே இயங்கியது. இரண்டு வகையிலும் சுடும் வசதியைப் போமாண்ட் என்ற அதிகாரி 1856இல் அதனோடு சேர்த்தார். அந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை. இதற்குரிய .32 தோட்டா பழங்காலத்துச் சரக்கும் அல்ல. உலக அளவிலான 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் (தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் அடித்துச் சுடும் கைத்துப்பாக்கி) போட்டிகளில் இன்றும் அந்த அளவுத் தோட்டாக்களையே பலர் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டில் ஆயுதம் இருப்பது ஆபத்து என்று அஞ்சுகிறவர்களை நான் மதிக்கிறேன். அந்த அச்சத்தின் பெரும்பகுதி நியாயமானதே. ஆனால் தோட்டாவை வேறிடத்தில் பூட்டி வைப்பது, கையில் எடுத்தவுடன் குழலை மடித்து ஆறு அறைகளையும் கண்ணால் பார்ப்பது, சுடப்போகும் வரை விசைமேல் விரல் வைக்காதிருப்பது ஆகிய பழக்கங்களை, அவற்றை நெடுங்காலம் கடைப்பிடித்த ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுத் தருவதற்கு ஈடில்லை. தோலுறைக்குள் வைத்துப் பெட்டியில் போட்டுவிடக் கூடாது, தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதும் பெரியவர் சொல்லித்தான் பலருக்குத் தெரிகிறது.

ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. பரம்பரையாக வந்தவற்றுக்கும் இவ்வரம்பு பொருந்தும். எதை யாருக்கு விடுவது என்பதை வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்வது நல்லது. மகனுக்கு நாட்டமில்லையென்றால் மகளைக் கேளுங்கள். கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வரை இன்றும் புதிதாக வாங்கலாம். வெளிநாட்டு ஆயுதங்களைத் தனிநபர் இறக்குமதி செய்வதோ எண்பதுகளிலேயே நிறுத்தப்பட்டுவிட்டதால், கைவிட்டுப்போன பழைய வெப்லிக்கு ஈடாக இன்னொன்று கிடைப்பது அரிது.

உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க எழுபது வயதைக் கடந்தவர்கள் ஆட்சியர் அலுவலகத்திற்கு வரும்போது, வாரிசு நியமனம் பற்றி அவர்களுக்கு எடுத்துச் சொல்லி, அதற்கான விண்ணப்பத்தையும் அங்கேயே கொடுத்தனுப்ப ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், கரூர் மாவட்ட ஆட்சியர்கள் ஏற்பாடு செய்ய வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.