நன்றிக்குத் தலைக்கு ஐயாயிரம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் கணக்காளராக வேலை செய்கிறேன். என்னிடமும் இப்போது பயிலுநர்கள் இருக்கிறார்கள். அதனால் பயிற்சி தந்தவருக்குப் பரிசு வாங்கப் பயிலுநர்களிடம் காசு சேர்க்கிற விடயத்தில் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

என் அக்காவின் மகள் ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சியை முடிக்கும் கட்டத்தில் இருக்கிறாள். போன மாதம் அவர்களுடைய வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருக்கிறது. பயிற்சி தந்த மேலதிகாரிக்குத் தங்க மோதிரம் வாங்க வேண்டுமாம், தலைக்கு ஐயாயிரம் ரூபாவாம், வெள்ளிக்கிழமைக்கு முன் தர வேண்டுமாம். கிடைக்கிற படிக்காசு அவளுக்கு நெல்லியடியில் இருந்து பஸ்ஸில் வந்து போகவும் மத்தியானச் சாப்பாட்டுக்குமே காணாது. “தராட்டி என்ர பெயர் மட்டும் தனியத் தெரியும் சித்தி” என்றாள். தாயிடம் வாங்கிக் கொடுத்துவிட்டாள். அவளுடைய பயிற்சிப் பதிவேட்டில் அந்த மேலதிகாரி இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.

அந்த ஒரு இடத்தில் மட்டும் நடப்பதென்றால் நான் பத்திரிகைக்கு எழுதியிருக்க மாட்டேன். வங்கி, ஆஸ்பத்திரி, திணைக்களம், தனியார் கந்தோர் என்று எங்கே விசாரித்தாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். ஒரு பவுண் இலட்சக்கணக்கில் விற்கிற நாட்டில் பயிலுநர்கள் தங்கத்துக்குக் காசு சேர்க்கிறார்கள். கேட்டால் மரியாதைக்குச் செய்கிறோம் என்பார்கள். மரியாதைதான், நான் இல்லை என்கவில்லை. ஆனால் கையெழுத்து வைக்க வேண்டிய ஒருவருக்கு, அவர் கையெழுத்து வைக்க முதல், பெறுமதியான பொருளைக் கொடுத்தால் வெளியில் நின்று பார்க்கிறவர் அதற்கு என்ன பெயர் வைப்பார்? 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இலஞ்சம் கொடுக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மனதார நன்றி சொல்ல வந்த பிள்ளைகளை அப்படி ஒரு சந்தேகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

எனக்குத் தொழில் பழக்கிய சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்காய்வுக்குப் போகிற இடத்தில் அற்ப பெறுமதிக்கு மேலான எதையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் ஒழுக்க விதி. அதைச் சேர் எங்களுக்கு வகுப்பில் வைத்துப் படிப்பிக்கவில்லை. மாம்பழக் காலத்தில் ஒருநாள், வேலை முடித்து வெளிக்கிடும் நேரம், ஒரு கடை முதலாளி எங்கள் வானுக்குள் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பானை ஏற்றிவிட்டார். சேர் பெட்டியைத் திறந்தார். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பழம் எடுத்துத் தந்தார். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு, “இது போதும் அண்ணை, மிச்சத்தைப் பிள்ளையளுக்குக் குடுங்கோ” என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். முதலாளியின் முகம் கோணவில்லை. எங்களுக்கும் பாடம் விளங்கிவிட்டது.

இப்படிப்பட்ட ஒருவருக்கு நாங்கள் எதைக் கொடுப்பது? மூன்று வருடப் பயிற்சி முடிகிற நேரம் எங்கள் குழுவுக்கும் இந்தக் கேள்வி வந்தது. எங்கள் ஊரில் இதற்கு ஆயத்தமாக இருக்கிற பதில்கள் எல்லாருக்கும் தெரியும். பொன்னாடை, நினைவுச் சின்னம், பிறேம் போட்ட வாழ்த்துமடல், சுவர் மணிக்கூடு. ஊர் கூடி மேடையில் ஒருவரைக் கௌரவிக்கும்போது பொன்னாடைக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் வருடக்கணக்காகப் பயிலுநர்களை உருவாக்கிய ஒருவரின் வீட்டில் அலுமாரியைத் திறந்து பாருங்கள். பிரிக்காத பொன்னாடைகளும் ஒரே மாதிரி மணிக்கூடுகளும்தான் இருக்கும். இனிப்புப் பெட்டி கொண்டுபோனால் அந்த வயதில் பலருக்கு நீரிழிவு. பெண் மேலதிகாரி என்றால் உடனே சேலைதான், அவர் என்ன நிறம் உடுத்துவார் என்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் கவனித்தது சேரின் ரெக்சின் பையை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்களுக்குக் காசு வாங்காமல் பாடம் எடுப்பார். எல்லாம் தன் கையால் எழுதிய குறிப்புகள். வங்கி இணக்கக்கூற்று, பெறுமானத் தேய்வு, வரிக் கணிப்பு எல்லாம் தனித்தனித் தாள்களாக அந்தப் பைக்குள் கிடக்கும். ஒன்றைத் தேடி இழுத்தால் நாலு தாள் நிலத்தில் விழும். ஓரங்கள் நைந்து, சில தாள்களில் கடைசி வரியே இல்லாமல் போயிருந்தது. ஒவ்வொரு வருடத்துப் பயிலுநரும் போட்டோக்கொப்பி எடுத்து, பிறகு அந்தக் கொப்பியில் இருந்து இன்னொரு கொப்பி எடுத்து, கடைசியில் எழுத்தெல்லாம் கறுத்துப்போய் வாசிக்கவே ஏலாது.

படிக்க வேண்டும் என்று சொல்லி அந்தத் தாள்களை இரவல் வாங்கினோம். தலைப்பு வாரியாக ஒழுங்குபடுத்தி, பக்க இலக்கம் போட்டு, ரவுணில் புத்தகம் கட்டுகிற ஒரு ஐயாவிடம் கொண்டுபோனோம். நைந்த ஓரங்களுக்கு அவர் மெல்லிய தாள் ஒட்டினார். பசை மட்டும் வைத்தால் விரித்து வைத்துப் படிப்பிக்கும்போது கழன்றுவிடும் என்று நூலால் தைத்தார். மேலே கரும்பச்சைக் கலிக்கோத் துணி. ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் சில வெற்றுத் தாள்களை வைக்கச் சொன்னோம், ஏனென்றால் வரி வீதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். செலவை இயன்றவர்கள் இயன்ற மாதிரிப் பகிர்ந்தோம். யார் எவ்வளவு போட்டார் என்று பட்டியல் வைக்கவில்லை. காசு தர முடியாத ஒரு பெடியன் பொருளடக்கத்தை முழுவதும் எழுதினான். எங்களுக்குள் அவனுடைய கையெழுத்துத்தான் திறம்.

பதிவேடுகளில் எல்லாக் கையெழுத்தும் விழுந்து, அவை கொழும்புக்குப் போன பிறகுதான் கொடுத்தோம். விசயதசமியன்று காலை, வெற்றிலை பாக்கோடு வீட்டுக்குப் போனோம். ஏடு தொடக்கும் அந்த நாளில் படிப்பித்தவரைப் போய்ப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமானதுதானே. சேர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். வரிப் பகுதிக்கு அடுத்த வெற்றுத் தாளைக் கண்டதும் பேனை கேட்டார். நின்றபடியே புது வீதத்தை அதில் எழுதிவிட்டுத்தான் எங்களை இருக்கச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த பயிலுநர்களும் அந்தப் புத்தகத்தில்தான் படித்தார்கள்.

புத்தகத்தோடு ஆளுக்கு ஒரு கடிதமும் வைத்திருந்தோம். பொருள் வாங்கக் காசில்லாத பயிலுநர் கடிதத்தை மட்டும் கொடுத்தாலே போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் “தங்கள் அளப்பரிய சேவை” என்று தொடங்கும் கடிதத்தை யார் யாருக்கும் எழுதலாம். அவர் உங்களுக்குப் பழக்கிய ஒரு வேலையை எழுதுங்கள். நான் எழுதியது ஒரு மார்ச் 31 இரவைப் பற்றி. நிதியாண்டு முடிகிற அன்றைக்கு ஒரு களஞ்சியத்தில் இருப்பு எண்ணப் போயிருந்தோம். அரிசி மூட்டைகளைக் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். நீளம், அகலம், உயரம் பெருக்கினால் கணக்கு வந்துவிடும் என்று களஞ்சியக்காரர் சொன்னார். சேர் ஏணி கேட்டார். தான் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, என்னையும் ஏறச் சொன்னார். மேலே போய் ரோர்ச் அடித்தால், அடுக்கின் நடுவில் மூட்டையே இல்லை, கிணறு மாதிரி இருந்தது. சேர் அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, கொப்பியில் குறித்துக்கொண்டார். இன்றைக்கும் என் பயிலுநர்களை எண்ணிக்கைக்கு அனுப்பும்போது ஏணி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். இதைத்தான் அந்தக் கடிதத்தில் எழுதினேன்.

இன்னொன்று, கொண்டுபோகிற நேரத்தையும் பாருங்கள். வருமான வரி அறிக்கை சமர்ப்பிக்கக் கடைசி நாள் நவம்பர் 30. அந்தக் கிழமையில் ஒரு கணக்காளரின் மேசைக்கு முன்னால் பரிசோடு போய் நின்றால் அவரால் நிமிர்ந்துகூடப் பார்க்க ஏலாது. ஒவ்வொரு தொழிலிலும் இப்படி ஒரு காலம் இருக்கும், கூட வேலை செய்த உங்களுக்கு அது தெரிந்திருக்கும்.

என்னைப் போலப் பயிற்றுவிக்கிற இடத்தில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பயிலுநர்கள் தாங்களாகக் கைவிடுவார்கள் என்று இதை விட்டுவிட முடியாது. ஒருவர் கொடுத்தால் அடுத்த வருடம் வருகிறவர் அதைவிடப் பெரிதாகக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பார். “வேண்டாம்” என்று நாங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும், அதுவும் காசு சேர்த்து முடிந்த பிறகு இல்லை, வேலைக்கு வந்த முதல் நாளே. நான் சொல்லிவிடுகிறேன்: பதிவேட்டில் என் கையெழுத்து விழும்வரை எனக்கு ஒன்றும் கொண்டுவரக் கூடாது, அதற்குப் பிறகும் யாரிடமும் காசு சேர்க்கக் கூடாது, எழுத மனமிருந்தால் கடிதம் எழுதலாம். நிறுவனத் தலைவர்கள் இதையே இரண்டு வரியில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். புதிய பயிலுநர்களைச் சேர்க்கிறவர்கள் நியமனக் கடிதத்தோடு அதில் ஒரு பிரதியையும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணக்காளர் ஒருவர்,
கொக்குவில்.