குப்பை யாவாரம் துவங்கப் போற சிநேகிதிக்கு

எடியேய்,

உன்ர வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டன், பதில் போடத்தான் நேரம் வரேல்ல. இப்ப சீசன் எண்டபடியா இங்க திருகோணமலையில உப்புவெளி நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் எல்லாம் ஃபுல், குப்பையும் அப்பிடித்தான். உன்ர மகளுக்குப் பேராதனை கம்பஸ் கிடைச்சதை அம்மாட்டச் சொன்னன், மனிசி கோணேசருக்கு அர்ச்சனை செய்யோணும் எண்டு நிக்குது. இவருக்கு முழங்கால் வருத்தம் இன்னும் மாறேல்ல, குப்பை ஏத்துற பட்டா லொறியில ஏற விடுறதில்ல, கணக்குக் கொப்பியோட இருத்தி வச்சிருக்கிறன், அந்தக் கோவத்தில எல்லாரையும் பேசிக்கொண்டு இருக்கிறார்.

சரி, நீ கேட்டதுக்கு வாறன். உன்ர மனுசன்ர ஈபிஎப் சேமலாபக் காசில பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின் வாங்கிப் போட்டு மட்டக்களப்பில துவங்குவம் எண்டு சொன்னாய் எல்லோ. மெஷினை இப்ப தொடாத. நாங்கள் போத்தல் வித்துத்தான் உழைக்கிறம் எண்டு ஊரே நினைக்குது, ஆனா வித்து வாற காசு பாதி கூட இல்லையடி. மிச்சம் முழுக்க, குப்பையை வந்து எடுக்கிறதுக்கு ஹோட்டலும் கடையளும் தாற மாசக் காசு.

ஏன் எண்டு கேள். போத்தலுக்கு விலை போடுறது நாங்கள் இல்ல, உலகத்து எண்ணெய் விலை. 2020ல கொரோனா நேரம் எண்ணெய் விழுந்து புது பிளாஸ்டிக் மலிஞ்சு போச்சு, பழசை ஆர் வாங்குவான், எங்களிட்ட வாங்கிற கொழும்புக்காரன் ஃபோனே எடுக்கேல்ல. ஹோட்டலும் பூட்டு. பாமசியும் சாப்பாட்டுச் சாமான் கடையளும் தந்த மாசக் காசிலதான் வேலை செய்யிற பிள்ளையளுக்குச் சம்பளம் குடுத்தம். பிறகு 2022ல டீசல் இல்லாம கியூஆர் காட்டி லைன்ல நிண்ட காலம், லொறி ஓடாம குப்பை பிரிக்கிற யாட் முட்டக் கட்டிக் கிடந்தது, அப்பவும் அந்தக் காசுதான் காப்பாத்தினது.

இன்னொண்டு, அள்ளுறது எல்லாம் விக்கிற சாமான் இல்ல. கறி ஒட்டின லஞ்ச் சீட்டை எந்தக் கம்பெனியும் வாங்காது. டவுன்ல மான் வந்து அதைத்தான் நக்குது, உனக்கும் தெரியும், பிரெட்ரிக் கோட்டையில செத்த மானை வெட்டிப் பாத்தா வயித்துக்குள்ள பொலித்தீன். அப்ப அந்த விக்கேலாத பங்கைக் கொண்டுபோய்க் குடுக்கிற செலவையும் சேத்துத்தான் மாசக் காசு பேசோணும். முதல் நாள் "காசா, நாங்கள் உங்களுக்குக் குப்பை தாறம், நீங்கதான் தரோணும்" எண்டுவினம். சிரிச்சுப்போட்டு நில். சபை வண்டி வராத ஒரு கிழமை போனா அவையே கோல் எடுப்பினம்.

ஆனா போத்தல் வேலை பாக்க எனக்கு நல்ல விருப்பம், வா ஒருநாள் காட்டுறன். எங்கட அக்காமார் ஒரு போத்தலைக் கையில எடுத்தா மூடி ஒரு பக்கம், கழுத்து வளையம் சின்னக் கத்தியால ஒரு கீறு, லேபிள் ஒரு இழுப்பு, அவ்வளவுதான், கதையும் நிக்காது கையும் நிக்காது. புதுசா வாற பிள்ளையளுக்குத் தண்ணி வாளியில வெட்டுத் துண்டைப் போட்டுக் காட்டுவா ஒரு அக்கா, போத்தல் துண்டு தாழும், மூடித் துண்டு மிதக்கும், ரெண்டும் வேற வேற சாதிப் பிளாஸ்டிக். கலந்து அனுப்பினா முழு லோட்டுக்கும் விலையை வெட்டுவான். தெளிஞ்ச வெள்ளைப் போத்தலுக்குத்தான் மவுசு, கலர் போத்தல் மட்டம். மெஷின் வாங்கிறதெண்டா அரைக்கிறது இல்லையடி, அமத்திப் பொதியாப் பேல் கட்டுற மெஷின் வாங்கு. அமத்தாத போத்தல் முழுக்கக் காத்து, கந்தளாய் ஹபரணை தாண்டி கொழும்புக்கு 250 கிலோமீட்டருக்கு மேல காத்துக்கு டீசல் அடிக்க ஆருக்கு ஏலும்.

யாட்டுக்குக் கூரை கட்டாயம் போடு. 2017ல கிண்ணியாவை டெங்கு ஆட்டின ஆட்டம் மறக்கேலாது, சுகாதாரப் பரிசோதகர் பீஎச்ஐ வந்து ஒரு போத்தலுக்குள்ள நுளம்புக் கூத்தன் புழு கண்டாப் போதும், வழக்குத்தான். டயர் எடுக்காத. ஆஸ்பத்திரிக் குப்பை பக்கமே போகாத, அதுக்குத் தனி லைசென்ஸ், சாதாரண சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் காணாது. உரிமத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு முதலே போ, இடம் வாடகைக்கு எடுக்க முந்தி. பக்கத்து வீட்டுக்காரர் மணக்குது எண்டு பெட்டிசம் போட்டா குடுத்த அட்வான்ஸும் போயிடும்.

சாப்பாட்டுக் கழிவில கம்போஸ்ட் போடுறம், காலமை குவியலைப் பிரட்டினா ஆவி பறக்கும், உள்ளுக்குக் கை வைக்கேலாது, 55 பாகைக்கு மேல சூடு ஏறினாத்தான் கிருமி சாகும். 2021ல செயற்கை உரத்தைத் தடை செய்த நேரம் வயல்காரர் எல்லாம் எங்கட வாசல்ல. இப்ப அந்த அவசரம் இல்ல, பூக்கண்டு வளக்கிறவையும் தோட்டக்காரரும் வாங்குவினம், அதுவும் அரிச்சுக் குடுத்தாத்தான்.

உனக்கு எங்களவு ஏத்த இறக்கம் வராது எண்டு நினைக்கிறன், உங்கட டவுன் பெரிசு, கடை கனக்க. இங்க ஐப்பசி மழை துவங்கினா வெள்ளைக்காரன் போயிடுவான், பிறகு கல்யாண மண்டபமும் கோயிலும்தான். சிவராத்திரி முடிஞ்சு கோணேசர் நகர்வலம் வரேக்க தண்ணீர்ப்பந்தல் கப் மட்டும் உரப்பை உரப்பையா வரும், அதுக்குக் காசு கேக்கிறதில்ல, கேட்டா அம்மா வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா.

உங்கட பக்கம் ஒரு பத்துப் பதினைஞ்சு கடையிட்டப் போய், மாசம் எவ்வளவு தருவியள் எண்டு மட்டும் கேட்டு எழுதி வை, கிலோக் கணக்கும் எழுது. அதை வச்சுக் கதைப்பம். ராவைக்கு எட்டு மணிக்குப் பிறகு எடு, பகல்ல இந்த மெஷின் சத்தத்தில ஒண்டும் கேக்காது.

உன்ர,
பழைய பள்ளிக்கூட வாங்குக்காரி