எச்டி-2வ விட்டுட்டீங்களே

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல எச்டிடி-40 பயிற்சி விமானம் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா "இந்தியாவே சொந்தமா வடிவமைச்ச முதல் பயிற்சி விமானம்"னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அத படிச்சதும் மனசு கேக்கல. எச்டிடி-40 பறந்தது 2016ல. எச்ஏஎல் விமான கம்பெனி இங்கயே வடிவமைச்ச எச்டி-2 பயிற்சி விமானம் பெங்களூர்ல 1951 ஆகஸ்ட்லயே பறந்துடுச்சு சார், சுதந்திரம் வந்து நாலே வருஷத்துல!

எங்க அப்பா ஏர்ஃபோர்ஸ்ல ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், தாம்பரத்துல பைலட்டுகளுக்கே சொல்லிக்குடுக்குற வாத்தியாருங்கள தயார் பண்ற ஸ்கூல்ல எச்டி-2ல வேல பாத்தவரு. அதனால இது எனக்கு வீட்டு விஷயம் மாதிரி.

அதுக்கு முன்னாடி நம்ம பசங்க கத்துக்கிட்டது டைகர் மாத்ல, துணி போத்துன ரெண்டடுக்கு ரெக்க வெச்ச பிரிட்டிஷ் விமானம். எச்டி-2 அப்படியில்ல, முழுக்க உலோகம், கீழ ஒரே ரெக்க, முன்னபின்ன ரெண்டு சீட். இத டிசைன் பண்ண டீமுக்கு தலைவர் டாக்டர் வி.எம்.காட்டகே, ஜெர்மனில விமானவியல் மேதை பிராண்டில் கிட்ட படிச்சிட்டு வந்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல பாடம் எடுத்தவரு. இன்ஜின் மட்டும் வெளிநாட்டுது, உற்பத்திக்கு வந்தப்ப 155 குதிரைத்திறன் சிரஸ் மேஜர், பின்னாடி சிலதுல லைகோமிங் மாத்துனாங்க.

ஓட்டுறதுக்கு சுலபமான விமானம் இல்ல. சின்ன சக்கரம் வால்ல இருக்கும், விமானத்தோட கனம் முன்னாடி இருக்குற பெரிய சக்கரங்களுக்கு பின்னாடி விழும், அதனால இறங்கி ஓடுறப்ப மூக்கு லேசா ஒரு பக்கம் திரும்பிடுச்சுன்னா அதுவா நிமிராது, இன்னும் இழுத்துட்டு சுத்தப் பாக்கும், கால் ரெண்டும் வால் சுக்கானத் திருப்புற ரட்டர் பெடல்ல உயிரோட இருக்கணும். தரையில உருட்டுறப்ப மூக்கு மேல தூக்கிட்டு நிக்கிறதால நேர் முன்னாடி தெரியாது, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போவாங்க. இதுல கை பழகுனவன் எதுலயும் தடுமாற மாட்டான்னு அப்பா சொல்லுவாரு, அது சரின்னுதான் எனக்கும் படுது.

சுமார் 170 விமானம் செஞ்சாங்க. கானா நாடு தன்னோட விமானப்படைய ஆரம்பிச்சப்ப 12 எச்டி-2 நம்மகிட்ட இருந்துதான் போச்சு, இத எத்தன பேருக்கு தெரியும்? அதே காட்டகேதான் அடுத்து கிரண்ங்கற பயிற்சி ஜெட்டையும் செஞ்சாரு, 1964ல பறந்துச்சு. எச்டி-2 ஓய்வு பெற்றப்ப எச்ஏஎல்லோட தீபக் பயிற்சி விமானம் வந்துச்சு, அத 2009ல விபத்துகளுக்கப்புறம் பறக்கவிடாம நிறுத்திட்டாங்க, 2013ல சுவிட்சர்லாந்தோட பிலாட்டஸ் பயிற்சி விமானத்த வாங்குனோம். 1951ல செஞ்சு காட்டுன நாம 2013ல வெளிய போய் வாங்குனோம்ங்கறதுதான் எனக்கு ஆறல.

ஒரு எச்டி-2 பெங்களூர் எச்ஏஎல் மியூசியத்துல நிக்குது. விமானத்த பாத்துக்க மியூசியம் இருக்கு, அத கழட்டி மாட்டுன கைகள யாரும் எழுதி வெக்கல. பைலட்டுகளாவது பேட்டி குடுப்பாங்க, ஃபிட்டர், மெக்கானிக்க யார் சார் கேப்பா? எல்லாருக்கும் எண்பது வயசு தாண்டிட்டு இருக்கு. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க, அதோட இவங்கள பத்தியும் ஒரு பக்கம் எழுதுங்க. அப்பா இப்ப இல்ல, ஆனா அவரோட வேல பாத்த ரெண்டு பேரு இங்க பக்கத்துலயே இருக்காங்க, நிருபர் வந்தா நானே கூட்டிட்டு போறேன்.

இப்படிக்கு,
ஒரு ஃபிட்டரோட மகன்,
தாம்பரம்